மரியா மொண்டிசோரி: கொடைக்கானல் மலையில் ஒரு யுத்தகாலப் பள்ளி

ஹாலிஎல நகரத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் மூன்று பெயர்ப்பலகைகளில் மொண்டிசோரி என்ற சொல் இருக்கிறது. மூன்றிலும் மூன்று விதமான எழுத்து. அது ஓர் ஆளின் பெயர் என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைப்பதில்லை. முன்பள்ளிக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். பிள்ளையை மொண்டிசோரிக்கு அனுப்பியாச்சா என்று கேட்பார்கள், கடைக்கு அனுப்பியாச்சா என்று கேட்பதைப் போல. அது ஒரு மனுசியின் குடும்பப் பெயர் என்றும், அந்த மனுசி இரண்டாம் உலக யுத்தத்தின்போது எதிரி நாட்டுப் பிரஜையாகத் தமிழ்நாட்டில் தடுத்து வைக்கப்பட்டிருந்தார் என்றும், அந்த நாட்களில் ஒரு மலை வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குச் செடி கொடிகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார் என்றும் நான் சொன்னபோது எங்கள் முன்பள்ளி ஆசிரியையே நம்பவில்லை.

நான் அவரைத் தேடிப் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் கொவிட்டுக்காகப் பாடசாலைகளை மூடியபோது தங்கையின் மூன்று பிள்ளைகளும் என் பொறுப்பில் வந்தார்கள். அவள் விடியவே பெரட்டுக்குப் போய்விடுவாள். பாடமெல்லாம் இனி கைத்தொலைபேசியில் என்றார்கள். வீட்டில் போன் ஒன்று, பிள்ளைகள் மூன்று, சிக்னல் பிடிக்க மலையுச்சிக்கு ஏற வேண்டும். ஆகவே வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். தமிழும் கணக்கும் எப்படியோ ஓடியது. சுற்றாடல் பாடத்தில்தான் தடுக்கியது. காம்பராவுக்குள் உட்கார்ந்து புத்தகத்தில் மரத்தின் படத்தைப் பார்க்கிறோம், மரமோ வாசலில் நிற்கிறது. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் திரும்பவும் மூடியபோதும் அதே கதைதான். வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்கு இயற்கையைச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். எதை வாசித்தாலும் அது கடைசியில் இந்த ஒரு பெயரில் போய் முடிந்தது.

மரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே என்ற சிறிய ஊரில் பிறந்தார். தகப்பன் அரசாங்க உத்தியோகத்தர். ஒரே மகள் ஆசிரியையாகட்டும் என்பது அவருடைய விருப்பம். மகளோ மருத்துவம் படிக்கப் பிடிவாதமாக நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுக்கக்கூடாது என்று தடுத்ததால், எல்லோரும் போன பிறகு தனியாக அந்த அறையில் நின்று படித்தார். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபோது, இத்தாலியில் வைத்தியரான முதல் சில பெண்களில் அவரும் ஒருவர்.

1898இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். கூட வேலை செய்த வைத்தியர் ஒருவரே தகப்பன். இருவரும் கலியாணம் செய்துகொள்ளவில்லை. வெளியில் தெரிந்தால் மரியாவின் தொழிலும் பெயரும் போய்விடும் என்ற காலம். பிள்ளையைக் கிராமத்துக் குடும்பம் ஒன்றில் வளர்க்கக் கொடுத்தார்கள். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளி திறந்த பெண், தன் பிள்ளையை ஒளித்து வைத்துத்தான் பார்க்கப் போனார். மரியாவின் தாய் இறந்த பிறகு, பதினைந்து வயதளவில்தான் மரியோ அவரோடு வந்து சேர்ந்தான். அப்போதும் வெளியாருக்கு அவன் மருமகன் முறை என்றே அறிமுகம்.

1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவருடைய முதல் பள்ளி திறந்தது. அதன் கதை மலையகத்தில் பிறந்த எவருக்கும் உடனே விளங்கும். அடுக்கடுக்கான வீடுகள். தாயும் தகப்பனும் விடிய வேலைக்குப் போய்விடுவார்கள். மூன்று வயதும் ஐந்து வயதுமான பிள்ளைகள் படிக்கட்டில் ஓடிச் சுவரைக் கிறுக்குவார்கள். சுவர் பழுதாகிறதே என்று கட்டடச் சொந்தக்காரர்களுக்குக் கவலை. பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும் என்று மரியாவை அழைத்தார்கள். எங்கள் தோட்டங்களில் பிள்ளைக் காம்பராவைக் கட்டியவர்களின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். தாய் கொழுந்து பறிக்க வேண்டும், அதற்குப் பிள்ளை எங்காவது இருக்க வேண்டும். மரியா அந்த அறைக்குள் போய் வேறொன்றைச் செய்தார். பிள்ளைகளின் உயரத்துக்கு மேசை செய்வித்தார், பொருட்களைக் கையில் கொடுத்தார், பிறகு தள்ளி நின்று பார்த்தார். வைத்தியர் நோயாளியைப் பார்ப்பதைப் போலப் பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்த முதல் ஆசிரியை அவர் என்று சொன்னாலும் தப்பில்லை.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் என்னை நிறுத்தி வைத்தது. 1908 டிசெம்பர் 28 அன்று சிசிலித் தீவின் மெசினா நகரத்தை நிலநடுக்கம் உடைத்தது. பின்னாலேயே கடலும் ஏறியது. பல பத்தாயிரம் பேர் இறந்தார்கள். இடிபாடுகளுக்கிடையில் தனியாகக் கிடந்த பிள்ளைகளில் ஏறக்குறைய 60 பேரை ரோமுக்குக் கொண்டுவந்து, கன்னியாஸ்திரிகளின் மடமொன்றில் மரியாவின் முறைப்படி ஒரு பள்ளி வைத்தார்கள். பலருக்குத் தங்கள் பெயரே தெரியவில்லை. பேசவில்லை, சாப்பிடவில்லை, இரவில் அலறினார்கள். மடத்தில் நல்ல தோட்டம் இருந்தது. பொன்மீன்கள் நீந்தும் தொட்டி, புறாக்கள், நடைபாதை. பிள்ளைகளிடம் என்ன நடந்தது என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. மேசை விரிக்கவும், கோப்பை கழுவவும், பூ வைக்கவும் பழக்கினார்கள். கைக்கு வேலை வந்தது. மெல்ல மெல்லப் பசி வந்தது, பிறகு தூக்கம் வந்தது. சில மாதங்களில் அதே பிள்ளைகள் தோட்டத்தில் ஓடினார்கள்.

இதை வாசித்தபோது 2009இன் செட்டிகுளம் நினைவுக்கு வந்தது. 1977 வன்செயலுக்குப் பிறகு ஹாலிஎலயிலிருந்து வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. அந்தக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை, இதை வாசிப்பவர்களுக்கு அது தெரியும். மெனிக்பாமில் எங்கள் கொட்டில் வரிசையில் ஒரு மரமும் இல்லை. காட்டை வழித்துப் போட்ட செம்மண், அதன்மேல் தறப்பாள். பொழுது போகாமல், வெட்டிய தண்ணீர்ப் போத்தலொன்றில் நிவாரணப் பயறு ஏழு மணியை ஊன்றி வைத்தேன். பக்கத்துக் கொட்டிலில் ஒரு பையன், ஆறு வயதிருக்கும். மாத்தளனிலிருந்து வந்த நாளிலிருந்து அவன் யாரோடும் பேசியதில்லை. மூன்றாம் நாள் காலையில் போத்தலுக்கு முன்னால் குந்தியிருந்தான். அடுத்த நாளும் இருந்தான். வரிசையில் நின்று கொண்டுவந்த தண்ணீரில் மூடியளவு எடுத்து அவனே ஊற்றினான். இன்னொரு பிள்ளை முளையைத் தொடப் போனபோது அதன் கையைத் தட்டிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. அவன் பிறகு எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மெசினாப் பிள்ளைகளின் கதையை நான் நம்புவதற்கு அந்தப் போத்தல் போதும்.

1909இல் வந்த மரியாவின் முதல் பெரிய நூலில் பயிர் வளர்ப்புக்கும் பிராணி வளர்ப்புக்குமென்று தனி அத்தியாயமே இருக்கிறது. பிரான்ஸ் காட்டில் தனியாக வளர்ந்து பிடிபட்ட ஒரு சிறுவனுக்குப் பாடம் சொல்ல முயன்ற இட்டார் என்ற வைத்தியரின் கதையிலிருந்து அதைத் தொடங்குகிறார். அந்தப் பையன் மழையையும் பனியையும் நிலவையும் கண்டால் துள்ளுவானாம். அவனை வீட்டுக்குள் கொண்டுவந்து நாகரிகம் பழக்கினார்கள். அதில் அவனுக்குக் கிடைத்ததும் உண்டு, பறிபோனதும் உண்டு. செடி வளர்க்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று மரியா சொல்வது நடைமுறையானது. தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும். வாத்தியார் திட்டத் தேவையில்லை, செடியே சொல்லிவிடும். விதை போட்டவர் காத்திருக்க வேண்டும். ஒன்று இரண்டு நாளில் முளைக்கும், இன்னொன்று இரண்டு மாதம் எடுக்கும். காத்திருப்பைப் புத்தகத்தால் கற்பிக்க முடியாது.

அதற்குப் பிறகு புகழ் வந்தது. அமெரிக்கா, பார்சிலோனா, இலண்டன் என்று போனார். முதலாம் உலக யுத்தத்தின் நடுவில், யுத்தத்தால் மனம் முறிந்த பிள்ளைகளைக் குணப்படுத்துவதற்கென்று வெள்ளைச் சிலுவை என்ற அமைப்பொன்றைத் தொடங்கப் பெரிதும் முயன்றார். காயம்பட்ட சிப்பாய்க்குச் செஞ்சிலுவை இருக்கிறது, பிள்ளைக்கு யார் இருக்கிறார் என்பது அவர் கேள்வி. யாரும் பணம் கொடுக்கவில்லை.

புகழோடு ஒரு கறையும் சேர்ந்தது. 1924 முதல் முசோலினியின் அரசாங்கம் அவருடைய பள்ளிகளை ஆதரித்தது, அவரும் ஏற்றுக்கொண்டார். பத்து வருடம் அப்படிப் போனது. பிள்ளைகளைச் சீருடையில் நிறுத்திச் சலூட் அடிக்கப் பழக்கும் ஆட்சியோடு இவருடைய முறை எத்தனை நாள் ஒத்துப் போகும்? 1934இல் முறிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. ஜேர்மனியில் நாஜிகள் அவருடைய நூல்களை எரித்தார்கள். பள்ளி நடந்தால் போதும், யார் ஆட்சி என்று பார்க்க வேண்டாம் என்று நினைத்தவர்களை நாமும் கண்டிருக்கிறோம். அவர் கொஞ்சம் முந்தியே விலகியிருக்கலாம் என்பது என் எண்ணம். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் தொடங்க, பார்சிலோனாவிலிருந்தும் புறப்பட்டார். நெதர்லாந்தில் லாரன் என்ற ஊரில் அடைக்கலம் கிடைத்தது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் பள்ளியை விட்டுவிட்டுத்தான் போனார்.

1939 நவம்பரில், 69 வயதில், மகனோடு சென்னை வந்து இறங்கினார். அடையாறு பிரம்மஞான சபையின் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். சில மாதங்கள் ஆசிரியர் பயிற்சி நடத்திவிட்டுத் திரும்புவது திட்டம். மரியோவின் நான்கு பிள்ளைகளும் லாரனில் நண்பர்கள் வீட்டில் நின்றார்கள். தென்னோலைக் கொட்டகைகளில் ஏறக்குறைய 300 பேருக்குப் பயிற்சி நடந்தது. மரியா இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். அந்த வகுப்பில் இலங்கையிலிருந்து போன லீனா விக்கிரமரத்ன என்ற ஆசிரியையும் இருந்தார்.

1940 மே மாதம் ஹிட்லரின் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. ஜூன் 10 அன்று இத்தாலி பிரித்தானியாவுக்கு எதிராக யுத்தத்தில் இறங்கியது. ஒரே நாளில் மரியாவும் மரியோவும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மரியா கிழவி என்பதால் அடையாறு வளவுக்குள் இருக்கலாம், வெளியே போகக்கூடாது. முசோலினியை விட்டு ஓடி வந்தவர் முசோலினியின் நாட்டவர் என்று தடுத்து வைக்கப்பட்டார். அடையாள அட்டையை வைத்து ஆளை முடிவு செய்வது என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் நாஜிகள் பிடித்த நாட்டில், மகன் முள்வேலிக்குள், தான் சென்னையில்.

1940 ஓகஸ்ட் 31, அவருடைய 70ஆவது பிறந்தநாள். வைஸ்ரோயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாகச் செய்தி. நாற்பது வருடம் மருமகன் என்று சொல்லிவந்தவனை, அந்தத் தந்தி மகன் என்றே குறிப்பிட்டது. தடுத்து வைத்த அரசாங்கத்தின் கையால் அந்தச் சொல் வந்ததை என்னவென்று சொல்வது.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டு போட்டன. அடுத்தது சென்னை என்ற பயத்தில் நகரமே காலியானது. மரியாவும் மரியோவும் கொடைக்கானலுக்கு அனுப்பப்பட்டார்கள். லீனாவும் கூடப் போனார். நம் பதுளைப் பள்ளத்தாக்கைவிட மூன்று மடங்கு உயரமான மலை அது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் லயத்திலிருந்து போன ஒரு குடும்பம் கடைசியில் அங்கேதான் ஒதுங்கியது. மலையெல்லாம் நம்மூர் மாதிரித்தான், குளிர்தான் தாங்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

ரோஸ் பாங்க் என்ற வீட்டில் குடியிருந்தார்கள். யுத்தத்துக்குப் பயந்து மலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், உள்ளூர்ப் பிள்ளைகள், வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்று கொஞ்சப் பேர் சேர்ந்தார்கள். நடக்கப் பழகியவர்களும் பன்னிரண்டு வயதுக்காரர்களும் ஒரே இடத்தில். பள்ளிக்கூடம் என்பதைவிட ஒரு பெரிய வீடு என்றே சொல்ல வேண்டும். பாடத்திட்டம் இல்லை, பரீட்சை இல்லை, பரிசோதிக்க வரும் அதிகாரியும் இல்லை. வெளியே சோலைக்காடு, பாசி, பன்னம், ஓடை. பிள்ளைகள் கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்கள். இது என்ன, அது என்ன என்று நச்சரித்தார்கள். அதுவரை தன்னுடைய முறையில் எழுத்துக்கும் கணக்குக்கும் அதிக இடம் கொடுத்திருந்த மரியா, 70 வயதைத் தாண்டித் தாவரம், பிராணி, பூமி என்று புதிதாக ஒரு பக்கத்தையே கட்டினார்.

பெயர் சொல்லிக் கொடுக்கும் விதம் எளிமையானது. முதலில் உண்மையான இலை. பிள்ளை அதன் ஓரத்தை விரலால் தடவுகிறது. இது இதய வடிவம், இது ஈட்டி வடிவம் என்று பெயர் மட்டும் சொல்கிறோம். விளக்கவுரை வேண்டாம். அடுத்து, இதய வடிவம் எது என்று காட்டச் சொல்கிறோம். பிள்ளை காட்டினால் மூன்றாவதாக, இது என்ன என்று கேட்கிறோம். தப்பினால் திருத்துவதில்லை. நாளைக்குத் திரும்ப முதலாவதிலிருந்து. படமும் அட்டையும் அதற்குப் பிறகுதான். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரிய சொல் கஷ்டம் என்பது பெரியவர்களின் கற்பனை என்றார் மரியா. அந்த வயதில் சொல்லுக்குத்தான் பெரும் பசி.

நான் இதை எங்கள் வாசலில் செய்து பார்த்தேன். வெற்றிலை, வல்லாரை, மானாப்புல், சவுக்கிலை. கடைக்குட்டிக்கு அப்போது நான்கு வயது. ஒரு கிழமையில் அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். பெரியம்மா, இது ஒரே செடியா, கீழிலை வேற மாதிரி, மேலிலை வேற மாதிரி இருக்கே என்று. நான் அதைப் பார்த்ததே இல்லை. தேயிலையைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். அதிலும் இருந்தது. ஜூலையில் கச்சான் காற்று தொடங்கினால் கொழுந்து சிறுத்து வளர்ச்சி மந்தமாகும். ஊவாத் தேயிலையின் பெயர்போன வாசம் அந்த வறண்ட காற்றில் வாடும் இலையிலிருந்துதான் வருகிறது. ஒரே செடியின் கொழுந்தை மே மாதமும் ஓகஸ்டிலும் பறித்துக் கொப்பியில் ஒட்டினோம். அவர்களுடைய அம்மா நாள் முழுக்கப் பறிப்பது எது என்று அன்றைக்குத்தான் அவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு மரியா வேறு வழி வைத்திருந்தார். ஆறு வயதுக்கு மேல் தனிப் பெயர்கள் போதாது, எல்லாம் எப்படித் தொடுத்திருக்கிறது என்ற கதை வேண்டும். 1948இல் அடையாறு கலாக்ஷேத்திரா வெளியிட்ட அவருடைய நூலில் கடலின் கதை வருகிறது. ஆறுகள் கரைத்துக்கொண்டு வரும் சுண்ணாம்பைப் பவளமும் சிப்பியும் எடுத்துத் தங்கள் ஓடாக்குகின்றன. இல்லாவிட்டால் கடல் நீர் கெட்டுவிடும். தன் வயிற்றுக்காக வாழும் பூச்சி, தனக்குத் தெரியாமலே பூமிக்கு ஒரு வேலை செய்கிறது. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டியவர்களுக்கு இந்தக் கதை கையில் தட்டுப்பட்டிருக்கும். அங்கே நிலத்துக்குக் கீழே இருப்பது பழங்காலக் கடல் உயிர்கள் விட்டுப்போன சுண்ணாம்புக்கல். எங்கள் நமுனுகுல மலைப் பாறை வேறு வகை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிள்ளை இலங்கை வரைபடத்தை வேறு கண்ணால் பார்க்கும்.

ஓரிடத்தில் அவரோடு முழுக்க உடன்பட எனக்கு முடியவில்லை. மழை பெய்தால் பிள்ளைகளை வெளியே விடுங்கள், குட்டையைக் கண்டால் சப்பாத்தைக் கழற்றட்டும் என்று எழுதுகிறார். நல்ல பேச்சு. வன்னியில் மண்டையோட்டுப் பலகை நட்ட நிலத்தில் எந்தத் தாய் பிள்ளையைப் பாதையை விட்டு இறங்க விடுவாள்? ஊவாவில் மழை என்றால் அது விளையாட்டு மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறக்கவில்லை. ஆகவே எங்கள் வீட்டு இயற்கைப் பாடத்தில் மழைமானி ஒன்றும் இருக்கிறது, நேர்ப்பக்கப் போத்தலில் செய்தது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 150ஐத் தாண்டினால் சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு. மூத்தவன் ஒவ்வொரு காலையும் அளந்து எழுதுகிறான். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஓடை திடீரெனக் கலங்குவது, இவற்றைப் பார்த்தால் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்று மூவருக்கும் தெரியும். மரியாவின் பாடத்தில் இது இல்லை. ஆனால் பார்க்கப் பழக்கியது அவருடைய பாடம்தான்.

1944இல் கட்டுப்பாடு தளர்ந்து அவர் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். இன்றைக்கு எங்கள் பாதையோரப் பலகைகளில் அவர் பெயர் இருப்பதற்கு வேர் அந்தக் காலம்தான். பெயர் வந்த அளவுக்கு முறை வந்து சேரவில்லை. சேரியில் தொடங்கிய பள்ளி, பல நாடுகளில் காசுள்ளவர்களின் பள்ளியாகிவிட்டது. தோட்டத்துப் பலகைக்குப் பின்னாலோ பிளாஸ்டிக் கதிரையும் பாட்டும் மட்டுந்தான். சம்பளமே சரியாகக் கிடைக்காத அந்த ஆசிரியைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இந்தியாவில் ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்களைப் பயிற்றுவித்துவிட்டு 1946இல் ஐரோப்பா திரும்பினார். பேரப்பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். சில மாதங்களுக்கென்று விட்டுப்போன பிள்ளைகளை அவரும் மரியோவும் ஏழு வருடத்துக்குக் கிட்டவான பிறகு கண்டார்கள். பிறகும் அவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. அடுத்த வருடமே திரும்ப இந்தியா வந்தார். 1949 முதல் மூன்று வருடமும் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்த்வைக் என்ற கடலோர ஊரில், 81 வயதில், மரியோவோடு இருந்து அடுத்த பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆபிரிக்காவில் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் வேண்டுமாம், போக வேண்டும் என்றார். உடம்பு தாங்காது என்று மகன் தடுத்தார். கொஞ்ச நேரத்தில் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். எங்கே இறக்கிறேனோ அங்கேயே புதைக்க வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால், உடலை இத்தாலிக்குக் கொண்டுபோகவில்லை. நோர்த்வைக் கத்தோலிக்கச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள்.